கெடுத்தவன் கழுத்திலேயே மாலையா?

அமெரிக்காவில் 1963 முதல் ஓடும் பகல் நேர டெலிவிஷன் நாடகம் "ஜெனரல் ஹாஸ்பிடல்". 1979-ல் அதில் ஒரு காட்சி. டிஸ்கோ நடன விடுதி நடத்தும் லூக், தன்னிடம் வேலை பார்க்கும் லாராவை பலாத்காரம் செய்கிறான். அவள் "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சியும் விடவில்லை. லாரா வேறொருவனின் மனைவி. அந்த வேடத்தில் நடித்த ஜெனி பிரான்சிசுக்கு அப்போது வயது 17.

அப்புறம் லூக்குக்கு என்ன ஆச்சு? ஜெயிலா? அதுதான் இல்லை!

1981 நவம்பரில் லூக்குக்கும் லாராவுக்கும் டும் டும் டும்! சுமார் 3 கோடி பேர் டி.வி. முன் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஜோடி சேர்ந்தாச்சே! பழைய சங்கதியின் பெயரையும் மாற்றி விட்டார்கள். பலாத்காரம் இல்லையாம். லூக் அவளை "மயக்கி விட்டானாம்"!

ரசிகர்களில் அன்று முதல் இரண்டு கட்சி. "அவளே மன்னிச்சுட்டா, நமக்கென்ன? கதைதானே!" என்கிறது ஒரு கட்சி. "மன்னித்தது லாராவா, கதை எழுதியவர்களா?" என்று மடக்குகிறது இன்னொன்று.

இரண்டாவது கட்சி கேட்பதுதான் நியாயம். லாராவுக்கு ஏது சொந்த வாய்? எழுதிக் கொடுத்ததைத்தானே பேசுவாள்! கொடுமையைக் காட்டியதுகூட குற்றமில்லை. காட்டி விட்டு, அதையே காதல் என்று விற்றார்களே, அதுதான் அநியாயம்.

1998-ல் விஷயம் மகன் லக்கியின் காதுக்கு எட்டியது. பையன் கொதித்து விட்டான். நடந்தது பலாத்காரம்தான் என்று நாடகம் ஒப்புக் கொண்டது அப்போதுதான். அதற்கு 19 வருஷம் ஆச்சு!