அனுபவம் உள்ளவருக்கு ஏன் இவ்வளவு பயிற்சி?

மாணவர்களே, பதினைந்து ஆண்டுகள் விமானம் ஓட்டிய ஒரு கேப்டன் வேறொரு நிறுவனத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவரிடம் விமானத்தை ஒப்படைக்க மாட்டார்கள். வகுப்பறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள், தேர்வு வைப்பார்கள், சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானி அறையில் வியர்க்க விடுவார்கள். அதன் பிறகும், பயணிகளோடு பறக்கும்போது பயிற்சிக் கேப்டன் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிப்பார். இத்தனை அனுபவம் உள்ளவருக்கு இதைப் பாதியாகக் குறைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். குறைக்கக் கூடாது என்பது என் கட்சி. அனுபவம் இருப்பதனால்தான் குறைக்கக் கூடாது.

ஜப்பானிய கார் ஓட்டிப் பழகிய உங்கள் அப்பாவோ அக்காவோ முதன்முதலாக ஓர் ஐரோப்பிய காரை ஓட்டும்போது கவனித்துப் பாருங்கள். வளைவதற்கு சிக்னல் போட நினைப்பார்கள். மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் ஓடும். நம் சாலைகளில் ஓடும் ஜப்பானிய கார்களில் சிக்னல் கம்பி வலப்பக்கம் இருக்கும், ஐரோப்பிய கார்களில் இடப்பக்கம். அது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கைக்குத்தான் தெரியவில்லை.

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மூளை, யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற்றிவிடுகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இதனால்தான் அனுபவசாலி வேகமாகச் செயல்படுகிறார். ஆனால் புதிய பழக்கத்தைக் கற்றதும் பழையது அழிந்துவிடுவதில்லை. களைப்பிலும் பதற்றத்திலும் அது மீண்டும் தலைகாட்டும்.

போயிங் 737 ஓட்டியவர் ஏர்பஸ் ஏ320க்கு மாறினால் எல்லாமே வேறு. முன்னதில் இரு விமானிகளின் முன்னும் ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி இருக்கும். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். பின்னதில் பக்கவாட்டில் ஜாய்ஸ்டிக் போன்ற சிறு பிடி. ஒருவர் அசைப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. கணினி இயந்திர விசையை மாற்றும்போது போயிங்கில் நெம்புகோல்களும் நகரும். ஏர்பஸ்ஸில் அவை நின்ற இடத்திலேயே நிற்கும், திரையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது விமானியும் விழிப்பாக இருப்பார். எனக்கு அதிகம் அச்சம் தருவது ‘கிட்டத்தட்ட அதே விமானம்’ என்ற பேச்சுதான்.

1989 ஜனவரி 8ஆம் தேதி லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் புறப்பட்ட பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானம் அப்போது புத்தம் புதியதான போயிங் 737-400 வகை. நடுவானில் இடப்பக்க இயந்திரத்தின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் அதிர்ந்தது, அறைக்குள் புகை வந்தது. கேப்டன் 13,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவர் பழகிய முந்தைய 737களில் பயணிகள் அறைக்குக் காற்று பெரும்பாலும் வலப்பக்க இயந்திரத்திலிருந்து வரும். ஆகவே புகை வந்தால் கோளாறு வலப்பக்கம். புதிய வகையில் இரு இயந்திரங்களிலிருந்தும் காற்று வந்தது. அதிர்வைக் காட்டும் மானி இடப்பக்கத்தையே சுட்டியது. ஆனால் பழைய விமானங்களில் அந்த மானியை நம்ப முடியாது என்பது பல விமானிகளின் அனுபவம். நல்ல நிலையில் இருந்த வலப்பக்க இயந்திரம் நிறுத்தப்பட்டது. தற்செயலாகப் புகையும் அதிர்வும் குறையவே, முடிவு சரி என்றே தோன்றியது. தரையிறங்கப் போகும் நேரத்தில் இடப்பக்க இயந்திரம் கைவிட்டது. கெக்வொர்த் என்ற ஊருக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தனர்.

அந்தப் புதிய வகைக்கு அப்போது பிரிட்டனில் சிமுலேட்டரே இல்லை. விமானிகளுக்குக் கிடைத்தது ஒரு நாள் வகுப்பு. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாடம் கற்றோமா? 737 மேக்ஸ் வந்தபோதும் பழைய 737 விமானிகளுக்குக் கணினித் திரையில் ஒரு சிறு பாடமே போதும் என்றார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழிறக்கும் புதிய மென்பொருளைப் பற்றி, 2018இல் இந்தோனேசியாவில் முதல் விபத்து நடக்கும்வரை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. அடுத்த ஆண்டு எத்தியோப்பியாவில் இரண்டாவது விபத்து. இரண்டிலும் சேர்த்து 346 உயிர்கள். 2020இல் அமெரிக்கா அதற்கு மீண்டும் அனுமதி கொடுத்தபோது சிமுலேட்டர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

பயிற்சி செலவு பிடிக்கும், உண்மைதான். பயிற்சி முடியும்வரை அந்த விமானி நிறுவனத்துக்கு ஒரு வெள்ளிகூடச் சம்பாதித்துத் தரமாட்டார். ஆள் பற்றாக்குறை வேறு துரத்துகிறது. அதற்காகப் பறந்த மணி நேரத்தை மட்டும் எண்ணிப் பயிற்சியைச் சுருக்குவதை ஏற்க முடியாது. அவர் முன்பு எதில் பறந்தார், அதில் எந்தப் பிடி எங்கே இருந்தது, ஆபத்தில் அவர் கை முதலில் எங்கே போகும் என்று கேட்டு, அந்த இடங்களையே சிமுலேட்டரில் களைத்துப்போகும்வரை சோதிக்க வேண்டும். விமானி ஆக விரும்பும் உங்களில் சிலருக்கு இதைக் கேட்கச் சோர்வாக இருக்கலாம். ஐம்பது வயதிலும் தேர்வு உண்டு என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.