இசைவுப்பட்டை

பெயர் பிறழின் பொருள் பிறழும். பொருள் பிறழின் செயலும் பிறழும். இஃது ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. மகிழுந்துப் பொறிக்கும் உரியது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் உருவாகத் தொடங்கிய சாண்ட்ரோ வண்டிகளுள் ஆண்டு பல கடந்தவை இன்றும் நம் நாவலூர்த் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றின் பொறியில், ரப்பர் என்று வழங்கும் தொய்வத்தாலான பல்வரிசைப் பட்டை ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை 'டைமிங் பெல்ட்' என்பர். பழைய வண்டி வாங்கிய இளைஞர் சிலர், கூலி மிஞ்சுமே என்று, காணொளி கண்டு வீட்டு வாயிலிலேயே அதனை மாற்ற முற்படுகின்றனர். தன் கையே தனக்குதவி என்னும் அவ்வூக்கத்தை நாம் பழிக்கவில்லை, வரவேற்கிறோம். ஆயின், செய்யும் பணி இன்னதென அறிந்து செய்க என்கிறோம்.

அப்பட்டை காலத்தை அளப்பதன்று. கீழுள்ள வணரித்தண்டையும் (பட்டறையார் 'கிராங்க்' என்பது) மேலுள்ள நெம்புருள்தண்டையும் ('கேம்' என்பது) இசைந்து சுழலச் செய்வது. முன்னது இருமுறை சுழல, பின்னது ஒருமுறை சுழலவேண்டும். நெம்புருள்தண்டே காற்றும் எரிபொருளும் புகவும் புகை வெளியேறவும் ஓரதர்களை, அதாவது வால்வுகளை, திறப்பது. நிமையத்துக்கு 3000 சுற்று ஓடும் பொறியில் ஒவ்வோர் ஓரதரும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். பட்டை ஒரு பல் தள்ளி அமைந்தாலே பொறியின் ஆற்றல் குன்றும். அஃது அறுந்தாலோ, பல பொறிகளில், மேலேறும் உந்துதண்டு திறந்து நிற்கும் ஓரதரை மோதி வளைத்துவிடும். பட்டையின் விலை சிறிது. மோதலின் செலவோ பன்மடங்கு.

'பெல்ட்' என்னும் சொல் இவ்வளவையும் உணர்த்துகிறதா? விசிறியைச் சுழற்றும் பட்டையும் 'பெல்ட்', இதுவும் 'பெல்ட்' எனக் கேட்பவன், பழையதைக் கழற்றிப் புதியதை இறுக மாட்டினால் போதும் என்றே எண்ணுவான். 'காலப்பட்டை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் பொருள் விளங்காது. 'இசைவுப்பட்டை' என்க. எதை எதனோடு இசைவிப்பது என்னும் வினா உடனே எழும்; அவ்வினாவே பொறியைக் காக்கும்.

செய்முறையும் அவ்விசைவைக் காப்பதே. பொறி முற்றும் ஆறியிருக்கவேண்டும். மின்கல இணைப்பை எடுத்துவிடவேண்டும். வண்டியைத் தூக்கியின்மேல் மட்டும் நிறுத்தாது, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தவேண்டும். பழைய பட்டையைக் கழற்றுமுன், வணரித்தண்டு, நெம்புருள்தண்டு ஆகிய இரண்டின் பல்லுருளிகளிலும் உள்ள குறிகளை அவ்வவற்றுக்குரிய நிலைக்குறிகளோடு பொருத்தவேண்டும். பட்டையை இழுத்துப் பிடிக்கும் உருளியையும் உடன் மாற்றுவது நன்று. புதிய பட்டையை மாட்டியபின் சாவியைத் திருப்புதல் கூடாது! மறைதிருகியால் வணரித்தண்டைக் கையாலேயே இரு முழுச்சுற்றுச் சுற்றுக. அப்போதுதான் நெம்புருள்தண்டு ஒரு சுற்று முடித்துக் குறிகள் மீண்டும் நேர்படும். இடையில் முட்டினால் வலிந்து திருகாது நிறுத்துக. நேர்படவில்லையெனின் மீண்டும் தொடங்குக. இக்கையளவு ஆய்வைத் தவிர்ப்பவனே பொறியை இழக்கிறான்.

எல்லா வண்டிகளிலும் பட்டை இல்லை. பலவற்றில் இருப்புச் சங்கிலி உண்டு. தம் வண்டியின் வகையறியாதவரும், உரிய கருவியில்லாதவரும் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

தமிழ் மண்ணில் தமிழர் கை பூட்டிய பொறிக்குப் பழுதுநீக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருத்தல் முறையோ? பட்டறைத் தோழர் கையறிவு உடையர். நாம் சொல்லறிவு உடையோம். இருவரும் ஒருங்கமர்ந்து ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் தொழிலுணர்த்தும் பெயரிட்டு, செய்முறையைப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டறைச் சுவர்தோறும் ஒட்டுவோம். தூய சொல் மேடையில் முழங்குதற்கு மட்டுமன்று. எண்ணெய் படிந்த கைக்கும் வழிகாட்டுதற்கே!