சொந்த நிலத்துக்கு வாடகை கட்டும் கடைக்காரர்கள்

ஜப்பானில் ‘ஷட்டர் தெரு’ என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கும் கடைகளின் ஷட்டர் இறக்கியே கிடக்கும் கடைத்தெருவுக்கு அந்தப் பெயர். சிறு நகரங்களில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். அப்பா காலமானார், பிள்ளை டோக்கியோவில் வேலையில் இருக்கிறார், கடை மூடியது. இப்படியே ஒவ்வொன்றாக மூடி, ஒருநாள் தெருவே மூடிக்கொள்ளும்.

ஷிகோகு தீவில் உள்ள தகாமட்சு நகரின் மருகமேமாச்சி கடைத்தெருவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. நீளம் அரை கிலோமீட்டருக்கும் குறைவு, 470 மீட்டர். மழைக்கும் வெயிலுக்கும் மேலே கூரை போட்ட தெரு. இதையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தால் கூரை மட்டும் சுமார் 2.7 கிலோமீட்டர். ஜப்பானிலேயே நீளமான கூரைத் தெரு வரிசை இதுதான் என்பதில் ஊர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு.

1588-ல் பிறந்ததாகக் கணக்கு வைத்திருக்கும் தெரு இது. 1988-ல் 400-வது பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடினார்கள். அன்றைக்கு வியாபாரம் அமோகம். நிலத்தின் விலையோ வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் வணிகர் சங்கத் தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘நானூறு ஆயிற்று, சரி. ஐந்நூறாவது விழாவைக் கொண்டாட இந்தத் தெரு இருக்குமா?’

கல்யாண வீட்டில் ஜாதகக் கோளாறைப் பேசுவது போலத்தான். ஆனால் அதே 1988-ல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் செட்டோ பெரும் பாலம் திறந்திருந்தது. அதுவரை கடல்தான் இவர்களுக்கு வேலி. இனி வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம்; பெரிய பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் வரலாம். இரண்டுமே நடந்தன. ஊருக்கு வெளியே கார் நிறுத்த ஏராளமான இடத்தோடு மால்கள் முளைத்தன.

நில விலை ஏறியபோது இன்னொன்றும் நடந்திருந்தது. கடை மாடியில் குடியிருந்த குடும்பங்கள் புறநகரில் தோட்டம் வைத்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. ஒரு காலத்தில் கடையும் குடியுமாக நிறைந்திருந்த தெருவில் ராத்திரி தங்குகிறவர்கள் நூறு பேர்கூட இல்லை என்றானது. குடியிருப்பவர் போனதும் காய்கறிக் கடை போனது, மீன் கடை போனது. மிஞ்சியது துணிக்கடைகள். எங்கு திரும்பினாலும் பெண்களுக்கான நாகரிக உடை. தக்காளி வாங்க ஆள் வருகிற தெருவுக்கு நாளும் கூட்டம் வரும். புதுச்சட்டை வாங்க எத்தனை நாள் வருவார்கள்?

சங்கத்தின் இளைஞர் அணி ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது. அவர்கள் தேடிப் போனது ஜெயித்த ஊர்களை அல்ல, தோற்ற ஊர்களை! பின்னாளில் சங்கத் தலைவரான ஃபுருகாவா இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தோற்ற கதைகளெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய கடைகளை இடித்துப் பெரிய கட்டடம் எழுப்புவார்கள். அதில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வந்து உட்காரும். சில வருடங்களில் கட்டுப்படியாகவில்லை என்று அது கிளம்பிவிடும். காலிக் கட்டடமும் கடனும் ஊர்க்காரர் தலையில்.

கோளாறு எங்கே என்று யோசித்தபோது எல்லாம் நிலத்தில் வந்து நின்றது. நிலத்தை விலைக்கு வாங்கிக் கட்டடம் கட்டினால், அந்த விலை முழுக்க வாடகையில் ஏறும். அந்த வாடகையைக் கட்டிக் காய்கறி விற்க முடியாது. வாங்காமலே விட்டால், ஆளுக்கொரு துண்டு நிலத்தில் ஆளுக்கொரு கடை என்ற பழைய நிலைதான்.

அவர்கள் கண்டுபிடித்த வழி கேட்க எளிது, செய்யக் கஷ்டம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் அதில் என்ன கட்டுவது, எந்தக் கடை எங்கே வருவது என்ற உரிமையைச் சுமார் 60 ஆண்டு குத்தகைக்கு ஒரு பொது நிறுவனத்திடம் விட்டுவிட வேண்டும். அதற்காகத் தெருக்காரர்களே 1999-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதில் நகராட்சியின் பங்கு சிறியதுதான், பெரும்பங்கு சங்கத்துடையது. அரசு மானியமும் வாங்கினார்கள். கடிவாளத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

வாடகைக் கணக்கில்தான் சூட்சுமம். கடைகளின் விற்பனை ஏறினால் வாடகையும் ஏறும், இறங்கினால் இறங்கும். வந்த வாடகையில் கடன் தவணையும் பராமரிப்புச் செலவும் போக மீதி எவ்வளவோ அதுதான் நிலச் சொந்தக்காரருக்கு. நல்ல வருடத்தில் நிறைய, மோசமான வருடத்தில் கொஞ்சம். ஆகவே பக்கத்துக் கடை ஓடாவிட்டால் இவருக்கும் நஷ்டம்.

தொடர்ந்து வியாபாரம் செய்ய விரும்பியவர், தன் நிலத்தின் மேல் நிற்கும் கட்டடத்திலேயே வாடகைதாரராக உட்கார வேண்டும். அதுவும் பழைய இடமே கிடைக்கும் என்பதில்லை. வேண்டாம் என்றால் கடையை மூடிவிட்டு, வரும் பங்கில் காலம் தள்ளலாம். தாத்தா மாட்டிய பெயர்ப்பலகையைக் கழற்றுகிற வேலை இது. வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொள்கிற உலகத்தில், இதற்குக் கையெழுத்து வாங்குவது லேசா? முதல் பகுதியில் நிலச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லோரும் சம்மதித்தால்தான் வேலை என்று முடிவு செய்திருந்தார்கள். வருடக்கணக்கில் பேசினார்கள். பேசியது அதிகாரியோ பில்டரோ இல்லை. சின்ன வயதில் சேர்ந்து விளையாடியவர், திருவிழாவில் கூட நின்றவர். அதனால்தான் கதவு திறந்தது.

தெருவை ஏழு துண்டாகப் பிரித்திருந்தார்கள். வடக்கு முனையில் முதல் துண்டு 2006 டிசம்பரில் திறந்தது. தெருக்கள் சந்திக்கும் இடத்தில் 30 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கண்ணாடிக் குவிமாடம். அதன் கீழே கச்சேரி, கண்காட்சி, சும்மா உட்கார நாற்காலி. தெற்கு முனைக் கட்டடம் 2012-ல் வந்தது. நடுவில் சில துண்டுகளில் பெரிய இடிப்பு வேண்டாம், முடிந்தவர் முடிந்தபோது செய்யட்டும் என்று விட்டார்கள். பழைய கடைகள் புதியவற்றோடு தோள் உரசி நிற்பது கொஞ்சம் ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான். அதனால் என்ன?

கடைகளுக்கு மேலே அபார்ட்மென்ட் கட்டியதுதான் கெட்டிக்காரத்தனம். புறநகர் வீட்டில் வயதான பிறகு கார் ஓட்ட முடியாமல் தவித்தவர்கள் திரும்பி வந்தார்கள். லிஃப்ட்டில் இறங்கினால் காய்கறி, சாப்பாடு, கிளினிக். டாக்டர் கீழ்த்தளத்தில் இருக்கும்போது உங்கள் படுக்கையறையே ஆஸ்பத்திரி அறைதானே என்பது சங்கத்தின் வாதம்.

இதைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். குவிமாடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் இதே மாதிரி முழுசாகச் செய்து காட்டிய தெரு ஜப்பானில் அதிகமில்லை. பல ஊர்களில் நிலத்தின் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்றே பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது.

குத்தகை ஒப்பந்தங்கள் 2060-களில் முடியத் தொடங்கும். அப்போது நிலம் அந்தந்தக் குடும்பத்திடம் திரும்பிப் போகும். ஐந்நூறாவது பிறந்தநாளான 2088-க்கு அதற்குப் பிறகும் இருபது சொச்சம் வருடம் பாக்கி இருக்கும். மறுபடி சேர்ந்து கையெழுத்துப் போடுவதா, அவரவர் துண்டை வேலி போட்டுக்கொள்வதா என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசப்போகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பள்ளிக்கூடமே தாண்டவில்லை.