அடித்தளம் உயர்ந்தது, கைத்திறனுக்கு என்ன விலை?

மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2024 எல்லாத் தகட்டு உலோகப் பட்டறைகளையும் எட்டிவிட்டது. 2025 பிப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட், ஆகஸ்டு 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கும் பொருந்துகிறது. வரவேற்கிறோம். 2022 மே முதல் 1,500இலேயே நின்ற தொகை அது. விலைவாசி அப்படி நிற்கவில்லை. கட்டுப்படியாகாது என்னும் முதலாளிகள், ஒரு தொகுதி சேஸி கோணம் தப்பி ஸ்கிராப்புக்குப் போனால் ஆகும் நட்டத்தோடு இந்த 200 ரிங்கிட்டை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் ஆணை உயர்த்துவது அடித்தளத்தை மட்டுமே. நேற்று டீபரிங்கில் சேர்ந்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பிரஸ் பிரேக்கில் பல்லாண்டு நின்றவருக்கு முதலாளியின் மனம்தான் சட்டம். இருவருக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. காயில் மாறினால் அதே 304 எஃகு வேறுவிதமாக ஸ்பிரிங்பேக் காட்டும்; முதல் துண்டை அளந்து, இரண்டாவதிலேயே கோணத்தைப் பிடிப்பவர் இந்த மூத்தவர். சிஎன்சி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பார்கள். சென்சார் கோணத்தைத் திருத்தும், மென்பொருள் வளைவு வரிசையும் போட்டுத் தரும். ஆனால் டிக் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணித்து டாக் வைப்பது இன்னும் ஆள்தான்.

இந்தத் திறமைக்குப் படிப்படியாகச் சம்பளம் கூட்ட அரசு கொண்டுவந்த முற்போக்குச் சம்பளக் கொள்கை, முதலாளி விரும்பினால் மட்டுமே. தொழிலாளி கையில் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் இருந்தால் பேரம் பேசலாம். பினாங்கில் பைராம் தோட்டம் போன்ற இடங்களிலிருந்து பத்து காவானுக்கும் பாயான் லெப்பாசுக்கும் வேலைக்குப் போய், இயந்திரத்தடியிலேயே தொழில் கற்றவர்களுக்கு அது ஏது? அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி வழி இருக்கிறதே என்று திறன் மேம்பாட்டுத் துறை சொல்லும். அதற்குச் செய்த வேலையின் சான்றுகளைத் தொகுத்துக் காட்ட வேண்டும். நம் துறையில் வரைபடம் வாடிக்கையாளருடையது. ரகசியக்காப்பு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் கைப்பேசியை வெளியே எடுக்கவே முடியாது. எதைப் படம் பிடித்து எதைத் தொகுப்பது? கோப்பு நிரப்பத் தெரிந்தவனுக்கே திறமை உண்டு என்று வகுத்தவர்கள், ஒருநாளாவது பட்டறைத் தளத்தில் நின்றிருப்பார்களா? மதிப்பீட்டாளர் தளத்துக்கு வரட்டும். ஒரு பொது வரைபடமும் வெற்றுத் தகடும் கொடுத்து, வளைக்கச் சொல்லி, அளந்து பார்த்து நிலை வழங்கட்டும். அந்த நிலைக்கு ஏற்ற சம்பளப் படியையும் அடுத்த ஆணையிலேயே எழுத வேண்டும்.