எங்கே விழும், எப்போது விழும்?

2021 ஏப்ரல் 29 அன்று சீனா தன் விண்வெளி நிலையத்தின் முதற்கூறான தியான்ஹேயை ஏவியது. அதைச் சுமந்து சென்ற லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப்பகுதி, 20 டன்னுக்குக் குறையாத வெற்றுக்கூடு, பத்து நாட்கள் புவியைச் சுற்றிவிட்டு மே 9 அன்று மாலத்தீவுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் வீழ்ந்தது. அந்தப் பத்து நாட்களும் செய்தித்தாள்கள் பெருநகரங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தன. 'அறிவியலாளருக்கே தெரியவில்லையாம்' என்று எள்ளியோர் நம்மிலும் உண்டு. அந்த எள்ளல் நியாயமற்றது என்றே நாம் கருதுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். அக்கூடு வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. 90 நிமிடத்திற்கு ஒருமுறை உலகை வலம் வருகிறது. நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் இடத்தில் 470 கிலோமீட்டர் பிசகும். எஞ்சியுள்ள காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை முன்பின்னாகலாம் என்பது துறையினர் கைக்கொள்ளும் பொதுவிதி. ஆகவே, ஒரு நாளைக்கு முன்னர் சொல்லும் கணிப்பிலும் ஐந்து மணி நேரம் முன்னும் பின்னும் இடமுண்டு. அந்த இடைவெளிக்குள் அது உலகை ஆறு முறைக்கு மேல் சுற்றிவிடும். கணிப்பவர்கள் இந்த இடைவெளியைச் சேர்த்தே சொல்கிறார்கள். தலைப்புச் செய்தி எழுதுவோர்தாம் அதை வெட்டிவிடுகிறார்கள்.

ஏன் இத்தனை பெரிய இடைவெளி? உயரத்துக் காற்று ஒருபடித்தாய் இருப்பதில்லை. கதிரவன் சீறும்போது அது சூடேறிப் புடைக்கிறது, இழுவை கூடுகிறது. நாளைய சீற்றத்தை இன்று யார் அறிவார்? போதாக்குறைக்குக் கூடு உருண்டு புரண்டு வருகிறது. அகலவாட்டில் காற்றை எதிர்கொண்டால் விரைந்து இறங்கும், முனையை நீட்டினால் தாமதிக்கும்.

விண்மீன் வீழக்கண்டு அஞ்சி, ஏழாம் நாள் மன்னன் மாய்ந்ததைப் பாடிய கூடலூர் கிழார் (புறநானூறு 229) நினைவுக்கு வருகிறார். அவர் வீழ்ந்தபின் நாள் எண்ணினார். இவர்களோ வீழுமுன் எண்ண வேண்டியிருக்கிறது.

நம் சினம் செல்லவேண்டிய இடம் வேறு. அந்த மையப்பகுதியை மீண்டும் இயக்கி, ஆளற்ற கடலில் இறக்கும் ஏற்பாடே செய்யப்படவில்லை. பிறர் பலர் தம் ராக்கெட்டுகளின் மேற்பகுதியில் எரிபொருளை மிச்சம் வைத்துத் தொலைகடலில் இறக்குகின்றனர். அதுவும் தவறுவதுண்டு, 2025 பிப்ரவரி 19 அன்று ஃபால்கன் 9 ஒன்றின் மேற்பகுதி போலந்தின் போஸ்னான் அருகே சிதறி விழுந்தது. ஆயினும் முயன்று தவறியதையும் முயலாமலே விட்டதையும் நாம் ஒரே தட்டில் வைக்க இயலாது. 2020 மே மாதம் இதே வகைக் கூடு ஒன்று வீழ்ந்தபோது ஐவரி கோஸ்ட்டின் கிராமங்களில் நீண்ட உலோகக் குழாய் கிடந்தது. அதன் பின்னும் மூன்று முறை அவ்வாறே விட்டார்கள்.

அவற்றுள் கடைசியானது 2022 நவம்பர் 4. ஸ்பெயின் தன் வான்வெளியின் ஒரு பகுதியை ஏறத்தாழ 40 நிமிடம் மூடியது. 300 விமானங்கள் வரை பாதிக்கப்பட்டன. கூடு பசிபிக்கில் போய் விழுந்தது.