உரசாதே, வெட்டு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டார லேத் பட்டறைகளில் பழுதுவேலைக்கு ஓய்வில்லை. நிட்டிங் மெஷினின் ரோலர் ஷாஃப்ட் காலையில் வரும், காம்பாக்டிங் மெஷினின் புஷ் மதியம் வரும், சாயப் பட்டறையின் பம்ப் ஷாஃப்ட் எப்போது வேண்டுமானாலும் வரும். பாகம் திரும்பிப் போகும்வரை அங்கே துணி ஓடாது. இந்த அவசரத்துக்கு நடுவில்தான் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு டர்னர் படிப்பை முடித்த தம்பி பழைய லேத் முன்னால் வந்து நிற்கிறார்.

ஜாப் அதிர்கிறது, மேற்பரப்பில் வரிவரியாகத் தடம் விழுகிறது. பழைய மெஷின் தாங்காது என்று பயந்து வெட்டின் ஆழத்தைக் குறைக்கிறார், ஃபீடையும் குறைக்கிறார். மைல்ட் ஸ்டீல் இதைப் பொறுத்துக்கொள்ளும், எஸ்.எஸ். எனப்படும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பொறுக்காது. சாயமும் உப்பும் படும் இடத்துக்கென்று செய்யப்படும் 304, 316 ரகங்கள் உரசினாலே மேல்தோல் கடினமாகிவிடும். அடுத்த வெட்டு அந்தக் கடினத் தோலுக்குள்ளேயே போக வேண்டியிருப்பதால் டூல் முனை கருகுகிறது. தம்பி இன்னும் குறைக்கிறார், தோல் இன்னும் இறுகுகிறது. பட்டறைகளில் எஸ்.எஸ். ஜாப் வீணாவதற்குப் பயந்த கையே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

அதிர்வு வந்தால் குறைக்க வேண்டியது ஆர்.பி.எம்.மைத்தான், ஃபீடை அல்ல. எச்.எஸ்.எஸ். டூலில் 304-க்கு நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகம் என்று வைத்தால், 40 மி.மீ. ஷாஃப்டுக்கு ஏறத்தாழ 120 ஆர்.பி.எம். போதும். ஃபீடை 0.15 மி.மீ. அளவில் விட்டு, தோலுக்கு அடியில் போகும் ஆழத்தில், கூலண்ட் தடைபடாமல் வெட்ட வேண்டும். ஃபீடை நிறுத்திவிட்டுச் சுற்றும் ஜாபில் டூலைப் படவிட்டு நிற்கவே கூடாது.

அதிர்வு சின்ன விஷயமல்ல. எஃப். டபிள்யூ. டெய்லர் இருபத்தாறு ஆண்டு சோதனைகளுக்குப் பிறகு 1906-இல் உலோக வெட்டு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டபோது, டர்னருக்கு முன்னால் இருக்கும் பிரச்சினைகளிலேயே மிகவும் பிடிபடாதது இதுதான் என்றார். ஆனால் பட்டறைகளில் பலமுறை காரணம் எளிய இடத்திலேயே இருக்கிறது. மேஸ்திரிகள் ஹெட்ஸ்டாக் பேரிங்கில் கை வைப்பதற்கு முன், டூல் போஸ்டிலிருந்து டூல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு சென்டர் உயரம். மெஷினை நிறுத்திவிட்டு, டூல் முனைக்கும் ஜாபுக்கும் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை மெல்லப் பிடிக்க வைத்தால் அது நேராக நிற்க வேண்டும். ஸ்கேலின் மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அடுத்தது கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் ஸ்லைடு இரண்டின் ஜிப். தளர்ந்த ஜிப்பை முறுக்கும்போது ஸ்லைடு இறுகிப்போகாமல் சீராக ஓடும் அளவோடு நிறுத்த வேண்டும். வேலைக்குத் தேவையில்லாத ஸ்லைடைப் பூட்டிவிடலாம், பார்ட்டிங்கின்போது கேரியேஜையும் பூட்டிவிட வேண்டும்.

அதேபோல, டேப்பர் விழுந்தால் உடனே டெயில்ஸ்டாக்கைத் தட்டாதீர்கள். தடித்த ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் இல்லாமல் இரண்டு இடங்களில் ஒரே செட்டிங்கில் மெல்லிய வெட்டு எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்து, டெயில்ஸ்டாக் சேர்த்ததும் வித்தியாசம் வந்தால் அதை ஒதுக்கிச் சரிசெய்யலாம். முதலிலேயே வித்தியாசம் இருந்தால் லேத்தின் லெவல், ஹெட்ஸ்டாக், பெட் தேய்மானம் என்று தேட வேண்டும். பல ஆண்டுகள் குட்டை ஜாபே ஓட்டிய மெஷினில் பெட் சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேயும். அதைத் தெரிந்துகொண்டால் துல்லியமான ஷாஃப்டைக் கேரியேஜ் தேயாத பகுதியில் ஓடும்படி வைத்துக்கொள்ளலாம்.

பட்டறை உரிமையாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். புதிதாக வருபவர்களுக்குப் பழகக் கொடுப்பது மைல்ட் ஸ்டீல் துண்டுகளை மட்டும்தான். எஸ்.எஸ். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் சாயப் பட்டறையிலிருந்து கழித்து வந்த பழைய ஷாஃப்ட் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, அவசர வேலை இல்லாத நேரத்தில் வெவ்வேறு ஃபீடில் வெட்டிப் பார்க்க விடுங்கள்.