“கப்பல்காரனே விக்கிறான், ஆபத்துன்னா விப்பானா டாக்டர்?”

நீளமான திரெட். க்ரூஸ் டிக்கெட் போட்டு வெச்சிருக்கிறவங்க, குறிப்பா அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க, பொறுமையா முழுசா படிங்க.

போன வாரம் தெரிஞ்ச ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பினார். சிங்கப்பூரில் ஏறி, தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போய்த் திரும்புற க்ரூஸ். புக்கெட்டில் கப்பல் நிற்கிற அந்த ஒரு நாளுக்கு, ஸ்பீட் போட்டில் ஃபி ஃபி தீவு, அங்கே ஸ்நார்கலிங். குடும்பம் மொத்தத்துக்கும் புக் பண்ணியாச்சு.

படிவத்தில் ‘இதய நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று ஏற்கனவே டிக் போட்டிருந்தது. டாக்டர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அது அவரோட அப்பாவின் படிவம். வயசு 66. ரெண்டு ஸ்டென்ட். 20 வருஷமா சர்க்கரை. ரெண்டாவது மாடிக்குப் போகணும்னா நடுவில் ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறுவார்.

நான் கையெழுத்துப் போடலை. மகனுக்குக் கோபம். அப்போ கேட்டதுதான் மேலே தலைப்பில் இருக்கிற கேள்வி. ஓபியில் கூட்டம் நின்னுட்டு இருந்தது, போனில் பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்றேன்.

விப்பாங்க சார். ஏற்கனவே வித்திருக்காங்க.

2019 டிசம்பர் 9. நியூசிலாந்தில் ‘ஓவேஷன் ஆஃப் தி சீஸ்’ என்ற பெரிய க்ரூஸ் கப்பல் கரையோரம் நின்றபோது, அதன் பயணிகள் 38 பேர் வக்காரி எனும் எரிமலைத் தீவுக்கு டூர் போனாங்க. கப்பலிலேயே விற்ற டூர். அந்த எரிமலையின் எச்சரிக்கை அளவை மூணு வாரம் முன்னாடிதான் 1-லிருந்து 2-க்கு உயர்த்தியிருந்தாங்க. டூர் நிற்கலை. எரிமலை வெடிச்சப்போ தீவில் மொத்தம் 47 பேர். செத்தவங்க 22 பேர்.

எரிமலை வேற, கடல் குளியல் வேறன்னு சொல்வீங்க. சரி. புக்கெட்டுக்கே வாங்க. 2018 ஜூலை 5. ஸ்நார்கலிங் முடிச்சுட்டுத் திரும்பிட்டு இருந்த ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் கவிழ்ந்து 47 பேர் செத்தாங்க. வானிலை எச்சரிக்கை இருந்த நாள் அது.

உங்க க்ரூஸ் டிக்கெட்டின் நிபந்தனைகளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கரையில் டூர் நடத்துறவங்க ‘தனி ஒப்பந்ததாரர்கள்’, அங்கே நடக்கிறதுக்குக் கப்பல் பொறுப்பில்லைன்னு பெரும்பாலான கம்பெனிகள் எழுதி வெச்சிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க வாங்குற கையெழுத்தையாவது சில பேர் படிச்சுப் பார்க்கிறாங்க. இதை யாரும் படிக்கிறதே இல்லை.

கப்பல் வழியா புக் பண்றதில் ஒரு நிஜமான லாபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். டூர் தாமதமானா கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். தனியா போய் லேட்டானா போயிடும். அந்தப் பணத்துக்கு நீங்க வாங்குற உத்தரவாதம் அவ்வளவுதான். உங்க அப்பாவின் இதயத்துக்கு யாரும் உத்தரவாதம் தரலை. கப்பலின் டாக்டர் கப்பலில்தான் இருப்பார். ஸ்பீட் போட்டில் உங்க கூட வர்றது ஒரு கைடும் ரெண்டு படகுப் பையன்களும்.

இப்போ ஸ்நார்கலிங். இதைத்தான் எல்லாரும் ‘சும்மா மிதக்கிறதுதானே’ன்னு சொல்றாங்க.

கழுத்தளவு தண்ணியில் இறங்கினதும், தண்ணியின் அழுத்தம் கால்லயும் வயித்துலயும் இருக்கிற ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும். கிட்டத்தட்ட 700 மில்லி. நல்ல இதயம் அதைச் சமாளிச்சுடும். ஏற்கனவே அட்டாக் வந்து பம்பிங் குறைஞ்ச இதயத்துக்கு, ஒரே நிமிஷத்தில் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தின மாதிரி. அதோட ஒரு குழாய் வழியா மூச்சு இழுக்கணும். குறுகின குழாயில் வேகமா இழுக்க இழுக்க, நுரையீரலுக்குள் நீர் கோக்க ஆரம்பிக்கும். ஆக்சிஜன் இறங்கும். கை கால் சோர்ந்து போகும். அப்புறம் மயக்கம்.

ஹவாயில் ஸ்நார்கலிங் மரணங்களை ஆராய்ந்த குழு, பல மரணங்களில் நடந்தது இதுவாக இருக்கலாம்னுதான் சொல்லுது. சினிமாவில் காட்டுற மாதிரி கையைத் தூக்கி ‘காப்பாத்துங்க’ன்னு கத்துறது எதுவும் இருக்காது. முகம் ஏற்கனவே தண்ணிக்குள்ளதான் இருக்கு. பத்தடி தள்ளி நிற்கிற மகன், அப்பா மீன் பார்த்துட்டு இருக்கார்னு நினைச்சு வீடியோ எடுத்துட்டு இருப்பார். ஆழம் இடுப்பளவுதான் இருக்கும்.

ஸ்டென்ட் இருந்தாலே தண்ணியில் இறங்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. எக்கோ நல்லா இருந்து, நிற்காம ரெண்டு மாடி ஏறி, நீச்சலும் தெரிஞ்சா, பரிசோதிச்சுட்டு ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. கேள்வி இவரைப் பத்தி. இவருக்கு மூணும் கிடையாது. அந்தப் படிவத்தில் பொய் டிக் போட்டு நீங்க யாரை ஏமாத்துறீங்க? படகுக்காரரையா? அவருக்கு அது ஒரு காகிதம். நாளைக்கு ஏதாவது ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல கேட்கப்போறது அந்தக் காகிதத்தைத்தான்.

அடுத்து ஸ்பீட் போட். இது என் வீட்டுக் கதை.

என் சித்திக்கு 58 வயசு. சித்தப்பாவோட இதே மாதிரி ஒரு டூர் போனாங்க. காத்து நல்லா வரும்னு முன்பக்கத்து சீட். படகு அலையில் ஏறி ஒவ்வொரு தடவை ‘தொப்’புனு விழும்போதும், முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க இடுப்பில்தான் முழு அடியும். ஊருக்கு வந்து ஒன்பது நாள் வாயுப் பிடிப்புன்னு தைலம் தேய்ச்சிருக்காங்க. எனக்கு யாரும் சொல்லலை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, முதுகெலும்பில் எல்-1 எலும்பு அமுங்கி உடைஞ்சிருக்கு. மூணு மாசம் பெல்ட். இப்பவும் கீழே உட்கார்ந்து கோலம் போட முடியாது.

மாதவிடாய் நின்ன பெண்களுக்கு எலும்பு தேஞ்சிருக்கும். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மலா இருக்கும், எலும்பு மட்டும் ரஸ்க் மாதிரி இருக்கும். ஸ்பீட் போட்டில் போய்த்தான் ஆகணும்னா கடைசி வரிசையில் உட்காருங்க. முதுகு வலி இருக்கிறவங்களையும் கர்ப்பிணிகளையும் பல படகுக்காரங்களே ஏத்த மாட்டாங்க. அவங்ககிட்டயும் மறைச்சுத்தான் ஏறுறோம்.

சர்க்கரைக்காரங்க விஷயம். யாரும் இதை யோசிக்கிறதில்லை, அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன்.

காலை 6:30-க்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டாச்சு. படகுக்கு நேரமாச்சுன்னு டிபன் பாதி. வெயில், நீச்சல், நடை. மதியச் சாப்பாடு ரெண்டரை மணிக்கு. நடுவில் அப்பாவுக்கு வியர்க்குது, கை நடுங்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. கூட இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? ‘படகு ஒத்துக்கலை’ன்னு ஒரு வாந்தி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பாங்க. அது லோ சுகரா இருந்தா, அந்தத் தூக்கத்திலிருந்து அவரை எழுப்ப முடியாம போகலாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். சந்தேகம் வந்தா முதல்ல இனிப்பு, அப்புறம் மத்தது.

கால். மணல் கொதிக்கும். பவளப்பாறை பிளேடு மாதிரி வெட்டும். 20 வருஷ சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி போயிருந்தா, ரெண்டும் தெரியாது. சாயங்காலம் கப்பலுக்கு வந்து சாக்ஸைக் கழட்டும்போதுதான் கொப்புளம் தெரியும். சர்க்கரைப் புண்ணுக்கு விரலை எடுத்து, அப்புறம் பாதத்தை எடுத்து, அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்கிற வரைக்கும் கூடவே நின்னு பார்த்திருக்கேன். ‘எப்படி ஆச்சு?’ன்னு கேட்டா, முக்கால்வாசி பேர் சொல்ற பதில் ‘சின்னக் கொப்புளம்தான் டாக்டர்’. கடற்கரையில் வெறுங்காலோட நடக்கிற போட்டோ நல்லாத்தான் இருக்கும். செருப்போட எடுங்க.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். குரங்குக்குப் பழம் கொடுக்கிற டூர் வேண்டாம். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில் கழுவிட்டு, அன்னைக்கே கரையில் இருக்கிற மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி ஆரம்பிங்க. கப்பல் கிளினிக்கில் எல்லாம் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஸ்கூபா டைவ் ஒண்ணு பண்ணினா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல பண்ணினா 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவங்க, டூ வீலர் சேர்த்த இன்டர்நேஷனல் பெர்மிட் இல்லாம விழுந்தா இன்ஷூரன்ஸ் கைவிரிச்சுடும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் நீரோட்டம் ஆளை இழுத்துட்டுப் போகும். சிவப்புக் கொடி பறந்தா முட்டியளவு தண்ணியில்கூட நிற்காதீங்க. அந்தச் சீசனில் டிக்கெட் ஏன் மலிவா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு வேடிக்கை. ஃபி ஃபி போறவங்க எல்லாரும் கேட்கிற மாயா பே, ‘தி பீச்’ படம் எடுத்த இடம், பவளப்பாறை செத்துப்போனதால் 2018-லிருந்து 2022 ஜனவரி வரை மூடியே கிடந்தது. திறந்த பிறகும் அங்கே நீந்தத் தடை. கால் நனைச்சுட்டு செல்ஃபி எடுத்துட்டு வரணும். இதுக்குத்தான் போக ஒரு மணி, வர ஒரு மணி இடுப்பு உடையுது.

‘அப்போ வயசானவங்க கப்பலிலேயே உட்கார்ந்திருக்கணுமா?’ன்னு கமெண்ட் வரும். வராமலா இருக்கும்.

இல்லைங்க. அதே புக்கெட்டில் பழைய டவுன் இருக்கு. வெள்ளீயச் சுரங்கப் பணத்தில் சீனக் குடும்பங்கள் கட்டின கலர் கலரான வீடுகள், நிழல் தாழ்வாரம், காபிக்கடை. தலாங் மியூசியத்தில் தகுவா பா பக்கம் காட்டிலிருந்து எடுத்து வந்த ஆளுயரத்துக்கும் மேலான பெருமாள் சிலை இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அந்தத் தகுவா பாவில்தான் நம்ம மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விடப்பட்ட ஒரு குளத்தைப் பத்தின தமிழ்க் கல்வெட்டு கிடைச்சது. திறந்திருக்கிற நாளான்னு மட்டும் பார்த்துட்டுப் போங்க. கடல்தான் வேணும்னா, பாங் நா விரிகுடாவுக்கு மெதுவா போற பெரிய படகு இருக்கு. சுத்தி மலை இருக்கிறதால் திறந்த கடலைவிட அலை குறைவு.

பத்து மணி நேரம் கப்பல் நிற்கும்னு போட்டிருப்பாங்க. படகில் கரைக்கு வர்ற வரிசை, திரும்பி ஏற வேண்டிய நேரம் எல்லாம் போக உங்க கையில் ஆறு, ஏழு மணி நேரம்தான். அதில் நாலு இடம் பார்த்தே தீரணும்னு அவசியம் இல்லை. குடும்பம் ரெண்டாப் பிரியலாம். பசங்க ஸ்நார்கலிங் போகட்டும், பெரியவங்க டவுனுக்குப் போகட்டும். ‘ஒண்ணா வந்தோம், ஒண்ணா போகணும்’னு பிடிச்ச பிடியில்தான் 66 வயசுக்காரருக்கு மாஸ்க் மாட்டி விடுறோம்.

இவ்வளவையும் பேசின பிறகு அந்த அப்பாவுக்கே போன் போட்டேன். ஃபி ஃபி போக ஆசையான்னு கேட்டேன். ‘எனக்கு நீச்சலே தெரியாதே சார், பையன் பணம் கட்டிட்டான், வேண்டாம்னா வருத்தப்படுவான்னு சும்மா இருக்கேன்’னார். மகன் இன்னும் என் மெசேஜுக்குப் பதில் போடலை.

இன்பாக்ஸில் மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பி ‘போகலாமா?’ன்னு கேட்காதீங்க. பார்க்காம சொல்ல முடியாது. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி உங்க ஊர் அரசு மருத்துவமனை ஓபிக்குக் காலையில் கூட்டிட்டுப் போங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காம எடுத்துட்டுப் போங்க. இசிஜிக்கும் எக்கோவுக்கும் அங்கே பணம் கிடையாது.